வாய் கட்டிய காவடி

திருத்தணி மலைப்படிக்குக் கீழே எனக்கு ஒரு பூசைச் சாமான் கடை. தேங்காய், பழம், கற்பூரம், மாலை. வருகிறவர் செருப்பைக் கழற்றுகிற வேகத்தை வைத்தே, வாங்குகிற ஆளா வேடிக்கை பார்க்கிற ஆளா என்று சொல்லிவிடுவேன். "வாங்க சாமி", தெலுங்குக்காரர் என்றால் "ரண்டி சாமி" என்று விடியற்காலை ஆரம்பித்தால் ஷட்டர் இறக்கும்வரை வாய் ஓயாது. எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான் என்றாலும், பேசத் தெரிந்தவன் என்கிற நினைப்பு மட்டும் எனக்கு எப்போதும் உண்டு. முருகன் அந்த நினைப்பில் கை வைத்த கதை இது.

பெரிய மகளுக்கு ஆவணியில் கல்யாணம் குறித்திருந்தோம். எங்கள் வீட்டு வழக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்கிறவள் அத்தை. அவள் கை பட்ட பிறகுதான் மற்றவர்கள் மஞ்சளைத் தொடுவார்கள். எனக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு அக்கா, நகரியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. அந்தப் பக்கத்தில், சுபகாரியத்துக்கு அழைக்க வீட்டுப் பெண்பிள்ளை நேரில் போய் நெற்றியில் குங்குமம் வைக்க வேண்டும். பத்திரிகை எத்தனை பெரிதாக இருந்தாலும் பொட்டு வைக்காவிட்டால் அழைத்ததாகக் கணக்கில்லை.

இது எனக்குத் தெரியாததல்ல. ஆடி பிறப்பதற்குள் பத்திரிகை கொடுத்துவிட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் அலைந்துகொண்டிருந்தோம். முதல் பத்திரிகையை மலைமேல் சாமி பாதத்தில் வைத்தாயிற்று. இரண்டாவது அக்காவுக்கு. மனைவி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"நீ கடையப் பாத்துக்க. அக்கா வூடுதான, நான் போயி ஒரு மணி நேரம் பேசனா ஆச்சு" என்றேன்.

"அண்ணிக்குப் பொட்டு வெக்காத எப்படிங்க?"

"எங்க அக்காவுக்கு எதுக்கு அந்த சம்பிரதாயமெல்லாம்? என் வாய்க்கு முன்னால பொட்டு இன்னா பெருசு?"

அவள் சிமிழை மூடி அலமாரியில் வைத்தாள். மூடிய சத்தம் சற்று பலமாகத்தான் இருந்தது. எனக்கு எங்கே கேட்கிறது.

நகரிக்கு வண்டியில் போனேன். கல்யாண மண்டபம், சமையல்காரர், மாப்பிள்ளையின் வேலை, மழை வந்தால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் பேசினேன். நடுவில் பந்தல்காரர் போன் செய்தார். அவரிடமும் பேசினேன். அக்கா காபி கொடுத்தாள், குடித்தேன். திரும்பி வந்து மனைவியிடம், "அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு நேரத்தில் அக்கா சொன்னதாக ஒரு வார்த்தை மட்டுமே ஞாபகம் வந்தது.

"ஆங்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். ஒவ்வொன்றும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம். எல்லாவற்றுக்கும் நீல டிக் விழுந்தது, பதில்தான் விழவில்லை. மனைவியின் போனில் கூப்பிட்டாலும், "வேலயா இருக்கேன்மா" என்று வைத்துவிடுவாள். முதல் நலங்குக்கு யார் என்று சம்பந்தி வீட்டில் கேட்டபோது, அக்காதான் என்று சொல்லிவிட்டு ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கே ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் வகுப்பு வைத்தார்களாம். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கவும், அவர் முடிக்கும்வரை காத்திருக்கவும், போனைக் கீழே வைக்கவும் என்று நோட்டில் எழுதி வந்திருந்தாள். இதையெல்லாமா சம்பளம் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று நான் சிரித்திருக்கிறேன். இப்போது அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, அத்தகிட்ட பேசும்போது அவங்க மூஞ்சியப் பாத்தியா?"

"மூஞ்சியப் பாக்காத முதுகப் பாத்துகினா பேசுவாங்க?"

"அன்னிக்கு இன்னா கலர் பொடவ கட்டிகினு இருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. புடவையை விடுங்கள், அக்கா நின்றிருந்தாளா உட்கார்ந்திருந்தாளா என்பதே ஞாபகமில்லை. பந்தல்காரர் கேட்ட முன்பணம் மட்டும் பைசா சுத்தமாக ஞாபகம் இருந்தது.

அன்று இரவு சாமி படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டேன். கல்யாணம் நல்லபடி நடக்க, ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கிறேன். எனக்குப் பிடித்ததில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமே. அலகு குத்திக்கொள்ளலாம்தான், ஆனால் ஊசி என்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்கு மயக்கம் வந்துவிடும். ஆகவே பொய்கையில் குளித்தது முதல் சன்னதி போய்ச் சேரும்வரை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் ஏறுவதாக வேண்டுதல். மனைவி கேட்டதும், "சாமிக்கு இதவிட பெரிய காணிக்க யாராலயும் குடுக்க முடியாதுங்க" என்றாள். அதை அவள் பக்தியோடு சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

கிருத்திகையன்று சரவணப் பொய்கைக் கரையில் மஞ்சள் துணியை என் வாயில் வைத்துக் கட்டியது அவள்தான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். காவடியைத் தோளில் தூக்கி வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், இரண்டு கையும் காவடித் தண்டில், வாயில் துணி. என்னிடம் மீதி இருந்தது இரண்டு கண்ணும் ஒரு கழுத்தும். "அரோகரா" என்று கூட்டம் கத்தும்போது உள்ளுக்குள் கத்திக்கொண்டே படியேறினேன்.

நூறு படி ஏறியிருப்பேன். ஓரத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பாவா வீட்டுக் காவடி வருஷா வருஷம் வரும். பாவா முன்னால் போய்விட்டார் போலிருக்கிறது. என்னைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். எழுந்து என் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள்.

"இன்னாடா, வாயக் கட்டிகினு வர்ற? நல்ல நாளாப் பாத்துதான் மாட்டிகினே."

நான் கண்ணால் சிரித்தேன்.

"முறைக்காத. அன்னிக்கி வந்தியே, எனுக்கு காய்ச்சல் வுட்டு மூணாவது நாளு. மூஞ்சி வீங்கிக் கெடக்குது. எப்படிக்கா கீறன்னு ஒரு வார்த்த கேட்டியாடா? போன காதுல வெச்சிகினு, யார் கிட்டயோ மூங்கிலப் பத்திப் பேசிகினே, பத்திரிகைய பீச்சாங்கையால நீட்டனே. எம் மாமியார் பாத்துகினு கீறாங்க. உங்க தம்பி தபால் ஆபீசுல சேந்துட்டாரான்னு கேட்டாங்கடா என்ன."

இடது கையாலா? படி மேல் கால் வைக்க மறந்துவிட்டேன். பின்னால் வந்தவர் "நட சாமி, நட சாமி" என்றார். நினைத்துப் பார்த்தால், வலது கையில் போன் இருந்தது. ஆமாம், இடது கையால்தான் கொடுத்திருக்கிறேன். கடையில் யாராவது இடது கையால் பணம் நீட்டினால், "சோத்துக் கையால குடுங்க சாமி" என்று பாடம் எடுக்கிறவன் நான்.

அக்கா நிறுத்தவில்லை. "உம் பொண்டாட்டிய இட்டுகினு வரல. ஒரு பொட்டு வெக்கல. நாலு நிமிசம் அஞ்சு நிமிசம்னு போன்ல பேசிப் பேசி அனுப்பற, அதுலயும் உன் கதைதான் கீது."

வாய் மட்டும் கட்டப்படாமல் இருந்திருந்தால் அவள் காய்ச்சல் என்றபோதே நான் நடுவில் புகுந்து எனக்குப் போன வருஷம் வந்த காய்ச்சலைச் சொல்லியிருப்பேன். இப்போது வேறு வழியில்லை. ஒவ்வொரு படிக்கும் காவடி ஆட, அதோடு என் தலையும் ஆட, கேட்டுக்கொண்டே ஏறினேன்.

"அப்போ நான் கல்யாணத்துக்கு வரத் தேவயில்ல, அப்படித்தான?" என்றாள்.

என் தலை அதற்கும் ஆமாம் என்று ஆடிவிட்டது.

அக்கா நின்றுவிட்டாள். நானும் நின்றேன். இல்லை என்று காட்ட வேகமாகத் தலையை அசைத்ததில் காவடிப் பூச்சரம் ஒன்று அறுந்து பக்கத்தில் வந்தவர் தோளில் விழுந்தது. அவர் அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் கையில்லை. சந்தனத்தோடு கலந்து துணி மேல் வழிந்தது. அக்காவின் காலில் விழலாம் என்று முழங்காலை மடக்கினேன்.

"அடச்சீ, காவடி தோள் மேல கீறப்போ மனுசங்கள கும்புடக் கூடாதுடா. நேரா நில்லு." குரல் உடைந்திருந்தது. அவள் அழுகிறாள் என்பதை அன்று பார்த்தேன். கத்தரிப்பூ நிறப் புடவை, மஞ்சள் கரை. அதையும் பார்த்தேன்.

பின்னால் பூசைத் தட்டோடு வந்துகொண்டிருந்த என் மனைவி முன்னால் வந்தாள். தட்டிலிருந்த குங்குமத்தில் மோதிர விரலைத் தொட்டாள். அக்காவின் நெற்றி வேர்வையை முந்தானையால் ஒற்றிவிட்டுப் பொட்டு வைத்தாள்.

"வந்துருங்க, அண்ணி."

அவ்வளவுதான் பேச்சு. நகரி வரை போய் நான் செய்ய முடியாமல் வந்த வேலை ஒரு விரலில் முடிந்தது. அக்கா என் தோளில் நழுவியிருந்த துண்டைக் காவடித் தண்டுக்கு அடியில் சரியாக மடித்து வைத்தாள். "நட" என்றாள். சன்னதி வரை என் பக்கத்திலேயே வந்தாள்.

மேலே காவடி செலுத்திய பிறகு மனைவி முடிச்சை அவிழ்த்தாள். முதல் வார்த்தை "முருகா" என்றேன். அதுவரை சரி. இரண்டாவதாக, "அக்கா, அன்னிக்கி அந்தப் பந்தல்காரர் இருக்காரே, அவரு மட்டும் போன் பண்ணாத இருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா மனைவியின் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கி, உதறி, நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு எடுத்தார்றேன்" என்றாள்.

எடுத்துக்கொண்டுதான் வந்தாள். நலங்கன்று மகளை மணையில் உட்காரவைத்து, அக்கா மஞ்சளைக் குழைத்துக் கன்னத்தில் தடவப் போனாள். எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று வீடியோக்காரருக்குச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, மஞ்சளாகாத இடது கையால் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். துணியின் ஓரம் தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

கல்யாண வீடியோவை இப்போதும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறோம். மூன்று மணி நேர வீடியோவில் என் குரல் கேட்காத இடம் அது ஒன்றுதான்.