தூணுக்காக வெட்டிய சதுரம்

எங்கள் பழைய வீட்டின் உட்புறம் இன்றும் என் கனவில் வருகிறது. அதன் வெளிப்புறம் ஒருமுறையும் வந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தின் கடைசியில், மழை வழிந்து கறுத்த சுவரோடும் துருவேறிய வாயிற்கதவோடும் அது நின்றது. சந்துக்குப் புதிதாக வருபவர்கள் அதைப் பூட்டிக்கிடக்கும் வீடு என்றே எண்ணியிருப்பார்கள்.

அது வாடகை வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்; வேறொரு பகுதியில் குடியிருந்தார். அப்பா மாதந்தோறும் வாடகையை வங்கியில் போட்டுவிடுவார். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தவில்லை. நாங்கள் கூரை ஒழுகுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்தின் மேல்தான் எங்கள் குடும்பம் குடியிருந்தது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. அன்று எனக்கு எட்டு வயது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் அம்மா வீட்டின் உட்புறத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தார். சாயக்கடையிலிருந்து வாங்கிவந்த வண்ண அட்டையைப் பல நாள்கள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். காலையில் ஒருமுறை, வெயில் சாயும்போது ஒருமுறை அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, கண்களைச் சுருக்கிப் பார்ப்பார். ஒரே நிறம் பகலில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருக்கும் என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

பள்ளி வேன் ஓட்டிக் களைத்து வந்த அப்பாவுக்கு இந்த ஆராய்ச்சி புரியவில்லை. "எல்லாத்தயும் வெள்ளையா அடிச்சிட்டா வேல முடிஞ்சிதுலா" என்றார்.

"ஆஸ்பத்திரியா இது?" என்று கேட்டுவிட்டு அம்மா மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

கூடத்துக்கு இளநீர் வழுக்கையின் நிறம் என்று முடிவாயிற்று. சமையலறைக்கு மங்கலான மஞ்சள். கூடத்தின் உட்கூரைக்கு என்ன நிறம் என்று என்னைக் கேட்டார்கள். நான் நீலம் என்றேன். அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. நீலத்தில் எந்த நீலம் என்று கேட்டு, அட்டையை என் மடியில் வைத்தார். என் வாழ்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் பெரிய கேள்வி அதுதான்.

தரைக்கு ஓடு பதிக்கும் வசதி எங்களுக்கு இல்லை. கடைகளில் சுருளாக நிறுத்திவைத்து மீட்டர் கணக்கில் வெட்டித்தரும் வழவழப்பான விரிப்பைத்தான் வாங்கினோம். வீட்டில் அதற்குத் திக்கார் என்று பெயர். அதற்காக அம்மாவும் நானும் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். கடைக்காரர் சுருள்களைச் சற்றே பிரித்துப் பிரித்துக் காட்டினார்.

"அக்கா, இந்த மரக்கட்ட டிசைன் எடுங்க. அழுக்கே தெரியாது."

"அழுக்கு தெரியணும் தம்பி. தெரிஞ்சாதான தொடைப்பேன்."

அவர் தோற்றுப்போனவராய் மூலையிலிருந்த ஒன்றை இழுத்தார். வெளிர்பச்சையில் மெல்லிய அலைக்கோடுகள். ஆழமில்லாத கடலை மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் வெறுங்காலோடு சிறிது நேரம் நின்றார். பிறகு, "இதான்" என்றார்.

திரும்பும் வழியில் ரயிலில் அந்தச் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரில் அமர்ந்திருந்த ஒருவர், "என்னா பாப்பா, ராக்கெட்டா? எங்க விடப்போறீங்க?" என்று கேட்டார். இருக்கை கிடைத்ததும் அதை எங்கள் மடிகளில் கிடத்தினோம். உள்ளே இருந்த அட்டைக் குழாயில் நான் கண்ணை வைத்தேன். மறுமுனையில் அம்மாவின் கண் இருந்தது. நெடுந்தொலைவில், வட்டமான வெளிச்சத்தின் நடுவே, அது ஒருமுறை இமைத்தது.

கூடத்தின் நடுவே ஒரு சதுரத் தூண் உண்டு. விரிப்பை அதைச் சுற்றிப் பொருத்துவதற்காக அம்மா செய்தித்தாள்களை ஒட்டித் தூணின் அடியில் மடித்து அளவெடுத்தார். அந்தத் தாளை விரிப்பின்மேல் வைத்து அப்பா கத்தியால் வெட்டினார். தூணின் அடியில் ஒரு முடிகூட நுழைய முடியாதபடி விரிப்பு பொருந்திக்கொண்டது. அந்த வேலையை நினைத்து அப்பாவுக்கே பெருமை.

அதன்பின் பிற்பகல்களில் நான் தரையில் மல்லாந்து கிடப்பேன். முதுகுக்குக் கீழே பச்சைத் தண்ணீர், தலைக்கு மேலே நான் தேர்ந்தெடுத்த வானம். ரயில் போகும்போது தரை மெல்ல அதிரும். கடல் மூச்சுவிடுவதாக எண்ணிக்கொள்வேன். வெளியே இருக்கும் உலகம் எங்கள் வீட்டைவிடச் சிறியது என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

நீலச் சாயம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வாயிற்கதவுக்கு அடிக்கலாம் என்று நான் தூரிகையோடு போனபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய மட்டும் கை வைக்கக் கூடாது." அன்றிரவு சாப்பிடும்போது அவர் அம்மாவிடம் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது: "பின் சந்துல ஒரு வீட்டுல முன்பக்கம் பளபளன்னு ஆக்குனாங்க. வீட்டுக்காரன் பாத்தான், அடுத்த வருசமே காலி பண்ணச் சொல்லிட்டான். நாம இருக்கறது தெரியாம இருந்துட்டுப் போவோம்." எனக்கு அது வருத்தமாக இருந்தது. இவ்வளவு அழகை ஒருவரும் பார்க்காவிட்டால் அது எதற்கு என்று தோன்றியது.

தீபாவளிக்குச் சில நாள்கள் முன்னால், அம்மா சந்து முனைக் கடைக்குத் தேங்காய்ப்பால் வாங்கப் போயிருந்தபோது, வீட்டுக்காரர் வந்தார். குடை பிடித்தபடி வாயிற்கதவுக்கு வெளியே நின்று கறுத்த சுவரை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா நிக்கிறாவோ, பிள்ளை?"

"கடைக்குப் போயிருக்காங்க தாத்தா."

"அப்ப நான் பிறகு வாறன்."

அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று அடிகள் வைத்தும்விட்டார். நான்தான் கதவைத் திறந்து ஓடி அவர் விரலைப் பிடித்தேன். "உள்ள வந்து பாருங்க தாத்தா."

காலணியைக் கழற்றிவிட்டு அவர் பச்சைத் தரையில் கால் வைத்தார். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன்: இது வழுக்கை நிறம், இது மஞ்சள், அதோ மேலே வானம். அவர் தூணின் அடியைக் குனிந்து பார்த்தார். சுவரை உள்ளங்கையால் தடவினார்.

"ஆர் இதெல்லாம் தெரிஞ்செடுத்தது?"

"அம்மா. நீலம் மட்டும் நான்."

"நல்ல வடிவா இருக்கு, பிள்ளை." உள்ளறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "நான் பிறந்தது இந்த அறையிலதான். இடிஞ்சு கிடக்கும் எண்டு நினைச்சன்."

அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் ஒருவரை என் நீலம் அழவைத்துவிட்டது என்ற பெருமிதத்தில் நான் திரும்பினேன். வாசலில் தேங்காய்ப்பால் பையோடு அம்மா நின்றிருந்தார்.

"வாங்க ஐயா" என்றார் அம்மா. "டீ போடறேன், உக்காருங்க."

அவர் போனபின், என் தலையை வாரிக்கொண்டே அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரா உள்ள வரேன்னாரா, நீயா கூப்பிட்டியா?"

"நான்தான்மா கூப்பிட்டேன். ரொம்ப வடிவா இருக்காம்."

அம்மா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினார்.

புத்தாண்டு பிறந்த பிறகு வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசினார். ஜொகூரிலிருந்து திரும்பும் மகளை அந்த வீட்டில் குடிவைக்க விரும்புவதாக, மிகுந்த தயக்கத்தோடு, பலமுறை மன்னிப்புக் கேட்டபடி சொன்னாராம். அவரைக் குற்றம் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை. இழந்துவிட்டதாக நினைத்த வீட்டை அவருக்கு மீட்டுக்கொடுத்தவர்கள் நாங்கள். அதைக் கையைப் பிடித்து அழைத்துச்சென்று காட்டியவள் நான். ஒருவரின் கைவேலை இன்னொருவரின் உடைமையாக இருக்கும் இடத்தில் நியாயம் எப்பக்கம் நிற்கிறது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது அந்தத் தூணைச் சுற்றியே வருகிறது.

செராஸில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். சாயத்தைக் கொண்டுபோக முடியாது. தரையை மட்டும் அம்மா சுருட்டி எடுத்துவந்தார். புதிய கூடம் குறுகலானது. அப்பா ஓரங்களை வெட்டிப் பொருத்தினார். தூணுக்காக வெட்டிய சதுரம் கூடத்தின் நடுவில் வந்து நின்றது. அங்கே தூண் இல்லை. பச்சைக் கடலின் மத்தியில் ஒரு துண்டுச் சிமெண்டு.

"ஒட்டுப் போட்ருவோமா?" என்றார் அப்பா.

"இருக்கட்டும்" என்றார் அம்மா. சுவர்கள் ஆஸ்பத்திரி வெள்ளையில் இருந்தன. என்ன நிறம் அடிக்கலாம் என்று நான் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். வண்ண அட்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

அங்கே வந்தபின் அம்மாவிடம் ஒரு புதிய பழக்கம் ஏற்பட்டது. யாராவது வந்து கதவைத் தட்டினால், வெளியே போய்த் தனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நடுத்தரையில் இருக்கும் அந்த ஓட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்படுகிறார் என நான் முடிவு செய்தேன். அதனால் கதவு தட்டப்படும்போதெல்லாம் ஓடிப்போய், அந்தச் சதுரத்துக்குள் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்து, குளிர்ந்த சிமெண்டு வெளியே தெரியாதபடி ஆடாமல் அசையாமல் நிற்பேன். அம்மா பேசி முடித்து உள்ளே வரும்வரை நிற்பேன், அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு.