சித்தப்பா விட்ட ஓட்டைகள்

நனைந்த சிமென்ட்டுக்கு ஒரு வாசனை உண்டு, மூக்கின் நுனியை லேசாகக் கடிக்கிற வாசனை. தெருவில் எந்த வீட்டில் வேலை நடந்து அது என் மூக்கில் ஏறினாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்துபோய் எங்கள் காம்பவுண்டுச் சுவரின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தால்தான் ஆகும். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, அது சாதாரணக் குனிதல் இல்லை.

செம்பாக்கத்தில் அப்பா வீடு கட்டியபோது நான் நாலாங்கிளாஸ். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அப்போதுதான் சிவில் இன்ஜினியரிங் முடித்துப் பம்மலில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குடும்பத்தின் முதல் இன்ஜினியர் என்பதால் சுவர் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவரோ சுவரின் அடியில், தரையோடு தரையாக, வரிசையாக 'ஓட்டை' விட்டுக் கட்டினார். "இன்னா சார், செங்கல் பத்தலியா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். "ஏரி நெறஞ்சா தண்ணி பள்ளிக்கரணைக்குப் போகணும் சார். நடுவுல நாமதான் வந்து உக்காந்துட்டோம்" என்றார் சித்தப்பா, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கே சைக்கிள் மிதித்துப் போய், சேற்றில் நின்று நாரை பார்த்துவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியபடி திரும்பி வருகிற மனிதர் அவர்.

ஐப்பசி மழையில் தண்ணீர் ஒரு பக்க ஓட்டைகளில் வந்து மறுபக்க ஓட்டைகளில் போனது. கூடவே தவளை, கெண்டைக் குஞ்சு, தண்ணீர்ப்பாம்பு எல்லாம் போய்வந்தன. "உங்க தம்பி கட்டினது செவரா, செக்போஸ்ட்டா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள்.

அந்த மழையிலேயே குரோம்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் 'மாப்பிள்ளை வீடு பார்க்க' வந்தார்கள். அந்தப் பெண்ணின் போட்டோவைச் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். பஜ்ஜி இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்தபோது, கொல்லைப்புறமாக ஒரு ஆமை நிதானமாக நடந்து கூடத்துக்குள் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னதெல்லாம் மறந்துபோய், "சித்தப்பா, உங்க ஆமை வந்திருச்சு" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி அறிவித்தேன். 'உங்க' என்பதையாவது விட்டிருக்கலாம்.

ஆமை நுழைந்தால் வீடு உருப்படாது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்ணின் அப்பா பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சித்தப்பா ஆமையைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டை அருகே விட்டுவிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தார். "அந்த ஓட்டைய மொதல்ல அடைச்சிடுங்க தம்பி. வர்ற வெள்ளிக்கிழமையே பூ வெச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

அப்பா சாயங்காலமே ஒரு மூட்டை சிமென்ட் வாங்கிவந்து வாசலில் இறக்கினார். அதை உள்ளே எடுத்துவைக்கச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். தரையின் ஈரம்கூட ஏறக்கூடாது என்று மூட்டைக்கு அடியில் பலகை போடச் சொல்லி வேலையாட்களைப் படுத்துகிறவர் சித்தப்பா. அன்று சாப்பிடக்கூட உட்காராமல், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

காலையில் கொத்தனார் மூட்டையைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இன்னா சார், இன்ஜினியர் வூட்லயே மூட்டைய மழைல வுட்டுக்கீறீங்க?"

அப்பா திரும்பினார். "மறந்துட்டியாடா?"

ஆமாம்னு சொல்லு, சொல்லு என்று அம்மா பின்னாலிருந்து தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

"மறக்கலண்ணா," என்றார் சித்தப்பா. "அடைக்க வேணாம். அவங்ககிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

குரோம்பேட்டைக்குச் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். திரும்பியபோது சட்டைப் பையில் போட்டோ இல்லை. அப்பா பொங்கல்வரை அவரோடு பேசவில்லை. பேச வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் பக்கத்திலேயே நிற்கும் சித்தப்பாவிடம் சொல்வேன்.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணமாயிற்று. ரிட்டயரும் ஆகி, இப்போது திருச்சியில் இருக்கிறார். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் எங்கள் ஓட்டைகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. எதிர்வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். எனக்கு வசதி போதவில்லை, சுவரைத்தான் உயர்த்தினேன். அன்று நனைந்த மூட்டை மட்டும், சாக்கின் மடிப்புகூட மாறாமல் கல்லாகி, அதே வாசலில் கிடக்கிறது. மழைக்காலத்தில் மோட்டாரை அதன் மேல் வைத்துத்தான் தண்ணீர் இறைக்கிறேன்.

போன மழைக்குச் சித்தப்பா போன் செய்தார். "தண்ணி எங்கடா நிக்குது?"

"நம்ம வீட்லதான் சித்தப்பா. வாடகை ஒண்ணுதான் பாக்கி."

அவர் சிரிக்கவில்லை. "ஆமை ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்ல சித்தப்பா."

போனை வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்த தண்ணீர், போக்கிடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டு, கேட்டுக்கு அடியில் புகுந்து என் காலடிக்கே திரும்பி வந்தது.