புரட்டாசியில் அடித்த மருந்து

ஒரு கண்ணாடி டம்ளரில் வெள்ளைத் தூளைக் கொட்டி, அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்த ஒரு கைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஜிப்ரெலிக் அமிலத்தை நேராகத் தண்ணீரில் போட்டால் சரியாகக் கரையாது. முதலில் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டு, பிறகுதான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இதை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னைக் கேட்டதும் இல்லை, ஒரு சொட்டு வீணாக்கியதும் இல்லை.

2006ஆம் வருடம். சிதம்பரத்தில் விவசாயப் படிப்பை முடித்துவிட்டு, கடலூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய் மருந்து சொல்வது என் வேலை. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்குப் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் என்னை ‘மரத்து டாக்டரு’ என்று கூப்பிடுவார். கேலிதான். எனக்கோ அது நன்றாகத் தலைக்கு ஏறிவிட்டது. அவருடைய மகன் லாரி ஓட்டப் போய்விடுவார். மருந்து கலக்குவதெல்லாம் மருமகள்தான். பிளஸ் டூ படித்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார்.

பெரியவருக்கு ஒரே ஆசை, சித்திரையில் காய் வேண்டும். வெயில் கொளுத்தும்போதுதான் எலுமிச்சைக்குக் கிராக்கி. அப்போது பார்த்து மரம் வெறுமனே நிற்கும். இதற்கு ஒரு வழி நான் படித்திருந்தேன். மரம் தனக்குத் தானே சுரந்துகொள்ளும் பொருள்கள் சில உண்டு, ஹார்மோன் என்பார்கள். அதில் ஜிப்ரெலின் என்பது ‘வளரு, துளிர் விடு’ என்று மரத்தை விரட்டுகிற ஆள். அது ஜாஸ்தியாக இருக்கும்வரை மரம் பூவைப் பற்றி நினைக்காது. காய் மஞ்சளாவதைக்கூட அது தள்ளிப்போடும். பழுக்க வைப்பதற்கு எத்திலீன் என்று வேறொன்று இருக்கிறது. ஆகவே ஆனியில் ஜிப்ரெலிக் அடித்துப் பூவை நிறுத்திவைக்க வேண்டும். புரட்டாசியில் அதற்கு நேர் எதிராக, வளர்ச்சியை அடக்குகிற மருந்தை அடிக்க வேண்டும். நிறுத்திவைத்த பூவெல்லாம் ஐப்பசியில் மொத்தமாக வந்து சித்திரைக்குக் காயாகிவிடும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

ஆனியில் அடித்தது பிரமாதமாக வேலை செய்தது. இலை கறுகறுவென்று செழித்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புரட்டாசியிலும் நான் எடுத்துக்கொண்டு போனது அதே ஜிப்ரெலிக் பாக்கெட்டைத்தான். ஏமாற்றும் எண்ணம் சத்தியமாக இல்லை. நோட்டை எடுத்துப் புரட்டச் சோம்பல், எல்லாம் மனப்பாடம் என்ற திமிர், எல்லோரும் புகழ்ந்த மருந்தாயிற்றே என்ற மிதப்பு. இவ்வளவுதான் காரணம்.

அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது ஆனியில அடிச்சதுதானே? பூவுக்கு வேற மருந்துன்னு சொன்னீங்களே?”

பெரியவரும் அவர் மனைவியும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “அக்கா, நீங்க கலக்குற வேலைய மட்டும் பாருங்க. நாலு வருஷம் படிச்சவன் நான்” என்றேன். பெரியவர் சிரித்தார். அக்கா ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் போயிற்று. இலைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஒரு மொட்டு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய நோட்டைத் திறந்து பார்த்தேன். புரட்டாசிக்கு நேராக என் கையெழுத்திலேயே வேறு மருந்தின் பெயர் இருந்தது, அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன்.

“டாக்டரே, மருந்து சரியான மருந்துதானா?” பெரியவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன், மருந்து வேகம் போனால் அடுத்த வருஷம் மரம் தானாகப் பூக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதானே! என் வாயிலிருந்து வந்தது வேறு. “மருந்துல ஒரு கோளாறும் இல்லீங்க. தோட்டத்துல வேற ஏதாச்சும் நடந்திருக்கும்.”

மாமியார் அந்த ‘வேற ஏதாச்சும்’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாதவிலக்கான பெண் தொட்டால் எலுமிச்சை மரம் பட்டுப்போகும் என்பார்கள். மாதவிலக்கைத் தூரம் என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். “தூரமா இருக்கறப்ப உள்ள பூந்து மருந்து கலக்கியிருக்கா இவ! அப்பறம் எங்கேர்ந்து பூக்கும்?” என்று மருமகள் மேல் பாய்ந்தார்.

“நான் அப்ப தூரமே இல்ல அத்த. தம்பி, நீங்களாவது சொல்லுங்க” என்று அக்கா என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினேன். சாவி வண்டியிலேயே இருந்தது.

அன்றிலிருந்து அக்கா தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஆயிற்று. என்னைச் சிதம்பரத்துக் கடைக்கு மாற்றினார்கள். அப்பாடா என்று கிளம்பி வந்துவிட்டேன். அடுத்த வருஷம் பெரியவர் போன் பண்ணினார். அந்த வருஷம் மருந்தே அடிக்கவில்லையாம். “டாக்டரே, மரமெல்லாம் பூவாக் கொட்டுது! மருமவள உள்ள உடல பாருங்க, அதான்!” மருந்தின் வேகம் இறங்கி மரம் பூத்ததே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. “ஆமாங்க, சந்தோஷம்” என்று சொல்லிப் போனை வைத்தேன். சீ, என்ன பிறவி!

2011இல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. புருஷனோடு இங்கேயே குடிவந்துவிட்டாராம். “ஊருக்குப் போனா வாசலோட சரி தம்பி. இன்னிவரைக்கும் தோட்டத்துப் பக்கம் உடறதில்ல. இவளையும் சேத்துத்தான், என் ராசியாம்” என்று குழந்தையின் தலையைத் தடவினார்.

“அக்கா, அன்னிக்குத் தப்பு என்னோடது. மருந்த மாத்திக் குடுத்துட்டேன்” என்று ஒருவழியாகச் சொன்னேன். ஐந்து வருஷம் ஆயிற்று அதைச் சொல்ல.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்சத என்கிட்டயே வந்து சொல்றீங்களே” என்றார். குரலில் கோபமே இல்லை. “எங்க மாமியார்கிட்ட சொல்லுங்க. அவுங்க நல்லாத்தான் இருக்காங்க. பண்ருட்டி பஸ்ஸு அதோ நிக்குது.”

அடுத்த வாரம் கண்டிப்பாகப் போகிறேன் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். போகவில்லை. இன்றுவரை போகவில்லை. இவ்வளவையும் இப்போது எழுதுகிறேனே, அது மனச்சாட்சி உறுத்தி வந்த தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்காவின் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.