மாதாவின் கூடு மெல்லப் போன மாலை

கோயில் கூட்டத்தில் அப்பா இருந்தார். சூசை மாமா இருந்தார். திருநாள் பவனியில் மாதாவின் சுரூபக் கூட்டைத் தூக்கும் மற்ற வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் கத்தாரில். நான் வீட்டில், கட்டிலில். அன்றுதான் எங்கள் வீட்டுத் தோளை மாமாவின் மகன் றெஜிக்குக் கொடுத்தார்கள்.

அன்பானவர்களே, எங்கள் ஓலைத்தொடுவாயில் அந்தக் கூட்டின் தண்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு, அதைத்தான் தோள் என்போம். எங்கள் இடம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. திருநாளன்று மாதாவைத் தோளில் வைத்துக் கடற்கரைவரை நடப்பது என் உரிமை.

எனக்கு வந்த சிக்குன்குனியாக் காய்ச்சல் சில நாளில் போய்விட்டது. வலி போகவில்லை. மாதங்கள் கடந்தும் காலையில் விரல் மடங்காது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். வேலைக்கு, கந்தோருக்குப் போட்டுப் போகிற என் சட்டைக்கு அம்மா பொத்தான் பூட்டிவிட்டா. கிளினிக் டொக்டர் ஒளிக்கவில்லை. "குறையும் தம்பி. எப்ப எண்டு சொல்ல ஏலாது. குளிசையை விடாதேங்கோ, நடக்கிறதையும் விடாதேங்கோ."

பூசையில் என்னால் முழங்காலில் நிற்க முடியவில்லை. பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு மாமி கேட்டா, "படிச்சா முழங்கால் மடங்காதோ?" பக்கத்தில் இருந்தவ சிரித்தா. படிப்பு என் தலைக்கு ஏறிவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். விசுவாசம் குறைவு, அதுதான் சுகமில்லை என்றும் சிலர் சொன்னார்கள். அழுதேன். சாகலாம் போலவும் இருந்தது.

என் தோள் போய்விட்டது என்று அப்பா வந்து சொன்னபோது அழுகை நின்றது. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே மாதாவிடம் செபித்தேன். "அம்மா, சுகம் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. அதைப் பிறகு தா. கூட்டோடு கடற்கரைவரை நடக்க இந்த ஒரு தெருவை மட்டும் தா."

திருநாளன்று பொல்லை ஊன்றிக்கொண்டு போய்த் தண்டருகே நின்றேன்.

"தம்பி, நீ மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு பின்னால வா. வருத்தக்காரருக்கு அதுதான் இடம்" என்றார் மாமா.

"இது எங்கட இடம் மாமா. நான் செத்தாப்பிறகு எடுங்கோ."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கடலைப் பார்த்தார். றெஜிதான் விலகினான். "பிடி மச்சான். எனக்கென்ன, தோள் மிச்சம்." என் பொல்லை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

பாதித் தெருவில் என் வலது முழங்கால் இறுகியது, தண்டு என் பக்கம் பின்னுக்கு இழுபட்டது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்த இடம் இனி எனக்கில்லை. உள்ளுக்குள் மட்டும் கத்தினேன், "அம்மா, தெருவைக் கேட்டனே!"

முன்தண்டிலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"மெல்ல, மெல்ல. மாதா இண்டைக்குச் சரியான பாரம்."

எல்லாத் தோளும் என் காலுக்கு ஏற்ப நடந்தது. மேளம் மெதுவானது, பாட்டும் மெதுவானது. "இறங்கி நடந்திருந்தா மாதா எப்பவோ போயிருப்பா" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் முந்திப் போகவில்லை. இருட்டிய பிறகுதான் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்டை இறக்கும்போது தண்டு என் தோளில்தான் இருந்தது.

முழுக் குணம் கிடைத்தால்தான் சாட்சி சொல்லலாம் என்கிறார்கள். நான் குணமாகவில்லை. இன்று காலையும் வலித்தது. இரண்டு பொத்தான் நான் பூட்டினேன், மிச்சம் அம்மா பூட்டினா. ஆனாலும் கேட்டது கிடைத்தது, நான் சாட்சி. காய்ச்சல் விட்டும் வலி விடாமல் கிடக்கிறவர்களே, குளிசையைப் போடுங்கள், நடங்கள், சுகமான பிறகு வருகிறேன் என்று கோயிலுக்குத் தவணை சொல்லாதீர்கள். வலியோடு வாருங்கள். உங்கள் இடத்தை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்று பிந்தியதால் சனத்தின் கையிலிருந்த மெழுகுதிரி பாதி வழியிலேயே எரிந்து முடிந்தது. கோயிலிலிருந்து மேலும் இரண்டு பெட்டி எடுத்துவந்தார்கள். என் தெருவுக்கு ஊர் கொடுத்த விலை அவ்வளவுதான், இரண்டு பெட்டி மெழுகுதிரி.