சித்தப்பா மெழுகி மூடிய குழி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மழை வேண்டும் என்று கும்பிடத் தெரியும். வந்த மழையை என்ன செய்வது என்று தெரியாது. பொம்மிடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது எங்கள் தெரு. நான் பார்த்தவரை அந்த ஏரியில் ஆடுகள்தான் மேய்ந்தன. அதனால், நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் கார்த்திகையில் விடாமல் பெய்து ஏரி நிரம்பியபோது, தெருவே கரைமேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. எதற்கும் சிரிக்காத என் அப்பாகூடச் சிரித்தார்.

மறுநாள் தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்தார். "கரை கசியுதுங்க. கீழ்த்தெரு சனம் எல்லாம் பொழுதுக்குள்ள மாதா கோயில் மேட்டுக்குப் போயிருங்க" என்றார். வெள்ளத்துக்கு நாங்கள் தயாரான கதை அப்போது தொடங்கியது. அம்மா உப்பையும் மிளகாயையும் பானையோடு பரணில் ஏற்றினாள். கோழிகளைக் கூடைக்குள் போட்டுக் கட்டினாள். சித்தி, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று அம்மிக்கல்லைக் கயிற்றால் தூணோடு கட்டினாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. வெள்ளம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

பெரிய கேள்வி ராகிதான். அப்போதுதான் அடித்துத் தூற்றியிருந்தோம். வருடம் முழுக்கச் சாப்பாடும், அடுத்த விதைப்புக்கு விதையும் அதுதான். வண்டி கட்டி மூட்டைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார் அப்பா. அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வாசலில் ராகிக் குழி இருக்கும். இரண்டு ஆள் ஆழம்; ஓர் ஆள் மட்டும் இறங்கக்கூடிய குறுகிய வாய். ராகியைக் கொட்டி, பலகைக்கல்லைப் போட்டு, சேறும் சாணியும் குழைத்து மெழுகிவிட்டால் திருடனோ தீயோ பூச்சியோ அண்டாமல் வருடக்கணக்கில் கெடாது.

"கோயிலு ஒழுகுதுண்ணா. குழியில கொட்டி மெழுகிட்டா எந்தத் தண்ணி உள்ள போவும்? அது பாட்டுக்கு மேல ஓடிப் போயிரும்" என்றார் சித்தப்பா.

சித்தப்பா பேசினால் கேட்காமல் இருக்க முடியாது. அப்பா கேட்டார். பக்கத்து வீடு கேட்டது. பொழுது சாய்வதற்குள் தெருவே தன் ராகியைக் குழியில் கொட்டி மூடிவிட்டது. சித்தப்பா ஒவ்வொரு வாசலுக்கும் போய், மெழுகியது போதாது என்று இன்னொரு பூச்சு பூசிக் கொடுத்தார். இத்தனை ஒழுங்காக எங்கள் தெரு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

கரை மறுநாள் மதியம் உடைந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் மேட்டில் இருந்தோம். தெருவில் இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் அசையாமல் நின்றது. நான்காம் நாள் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பாதி வீடுகளுக்குச் சுவர் இல்லை. சித்தப்பா நேராகக் குழியைத்தான் பார்த்தார். கல் போட்டது போட்டபடி இருந்தது. பூச்சுகூட முழுதாகக் கரையவில்லை.

"பாத்தியாண்ணா" என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து கல்லோரத்து ஈரமண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் மண்ணுக்குள்ளும் நடக்கும் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லை இருவருமாகப் புரட்டினார்கள். புளித்த நெடி அடித்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கயிறு வாங்கியாறேன். வர்ற வரைக்கும் எறங்காத" என்று சொல்லிவிட்டு மேல்தெருவுக்குப் போனார். என்னைக் கோயிலுக்கு ஓடி லாந்தர் எடுத்துவரச் சொன்னார்கள்.

குழியைத் திறந்தால் முதலில் லாந்தர்தான் இறங்கும். உள்ளே அணைந்துவிட்டால் அன்று யாரும் இறங்கக்கூடாது. கெட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும். பெரியவர்களுக்கு இது தெரியும். எனக்கு லாந்தர் என்றால் வெளிச்சம், அவ்வளவுதான்.

வரும் வழியில் சேற்றில் வழுக்கி விழுந்தேன். மண்ணெண்ணெய் என் பாவாடையெல்லாம் கொட்டியது. எழுந்து, பயந்துகொண்டே வந்தேன். சித்தப்பா ஈரத்தில் நமத்த தீப்பெட்டியில் ஒவ்வொரு குச்சியாய் உரசி, கடைசிக் குச்சியில் ஏற்றினார். அரைஞாண் கயிற்றையும் துண்டையும் முடிந்து லாந்தரைக் கட்டி இறக்கினார். கொஞ்ச ஆழம் போனதும் பொசுக்கென்று அணைந்தது.

அந்த மாதம்தான் மாதா கோயிலில் புதுநன்மைக்காக, முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்காக, எங்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தப்பு செய்தால் யாரும் கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சாமியார் சொல்லியிருந்தார். நான் ஒத்துக்கொண்டேன்.

"சித்தப்பா, வழியில வுழுந்துட்டேன். சீமெண்ண எல்லாம் கொட்டிப்போச்சு."

அவர் என் பாவாடையைப் பார்த்தார். "அட, அதான் அணைஞ்சுதா. அழாத பாப்பா, உங்கப்பங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். லாந்தரை மேலே இழுத்து என் பக்கத்தில் வைத்தார். தெருவின் அந்தக் கோடியில் யாரோ தங்கள் குழியைத் திறந்துவிட்டு அவர் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்டது. அப்பா வருகிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கச்சுவரில் காலை வைத்து இறங்கினார்.

"எல்லாம் மொளச்சிருக்குது" என்று உள்ளேயிருந்து ஒரே ஒரு முறை குரல் வந்தது. அப்புறம் வரவில்லை. அவர் அழுகிறார் என்று நினைத்தேன். பெரியவர்கள் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா வந்து, கிணற்றில் விழுந்த வாளி எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி, அவர் வேட்டியில் மாட்டி இழுக்கும்போது தெருவே கூடியிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா என்னைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். லாந்தரை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே எண்ணெய் தளும்பும் சத்தம் எனக்கும் கேட்டது. என்னை வெகுநேரம் பார்த்தார்.

சித்தி ஓடிவந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "வெளக்கு எறக்கிப் பாக்கலீங்களா மாமா?"

"இல்லம்மா. அவசரப்பட்டு எறங்கிட்டான்" என்றார் அப்பா.

இறக்கினோமே என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். சித்தி சாகும்வரை தன் புருஷனை அவசரக்காரன் என்று திட்டியேதான் அழுதாள். நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் ஆள் இல்லை.

அன்று எனக்குப் புரிந்தது வேறு. பொய் சொன்னால் சூடு வைப்பேன் என்று மிரட்டும் அப்பா, நான் மண்ணெண்ணெய் கொட்டியது யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தனை பேர் முன்னால் பொய் சொல்கிறார். அதற்காகவே அன்று எனக்கு அப்பாவை ரொம்பப் பிடித்திருந்தது.