ஐயம்பேட்டை அக்காவுக்கு நான் சொன்ன கதை

கல்யாணமாகி நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த மருமகள் நான் ஒருத்திதான். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்படி நடந்துகொண்டேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொடுத்த தாளைக்கூட வாசலில் நின்று நாலு பேர் பார்க்கப் படிப்பேன்.

அது அறுபதுகளின் நடுவில். என் கணவர் குமாஸ்தா வேலையில் இருந்தார். காலையில் சைக்கிளில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். எங்களுக்கு இந்தப் பக்கத்து வீட்டில் தறி, அந்தப் பக்கத்து வீட்டில் தறி, எதிர்வீட்டில் இரண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கை நிறைய வேலை. எனக்கு மட்டும் பகல் நீண்டுகொண்டே போகும்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில்தான் எனக்குப் பேச்சுத் துணை கிடைத்தது. தெருக்கோடியில் தையல் மிஷின் வைத்திருந்த அம்மாளைத் தையலம்மா என்பார்கள். ஐம்பது வயது இருக்கும். அவர் மிஷின் மேல் தடிமனாக ஒரு புத்தகம் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. ஒவ்வொரு வாரமும் தாள்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருந்தார். முதுகுக்கு யாருடைய ரவிக்கையிலோ மிஞ்சிய பச்சைத் துணி. அப்படி ஏழெட்டுப் புத்தகங்கள் அலமாரியில் வரிசையாக நின்றன.

"படிப்பியாமா?" என்றார்.

"படிப்பேன்."

"அப்ப பொதன்கெழம மத்தியானம் வா. கதை பேசறதுக்குன்னே நாங்க மூணு பேர் கூடுவோம். நீ வந்தா நாலு."

தையலம்மாவைத் தவிர மற்ற இருவரில் ஒருவர் நர்ஸம்மா. பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் தனியாகக் குடியிருந்தார். பத்திரிகை வாங்குவது அவர்தான். வெள்ளிக்கிழமை வாங்கிப் படித்துவிட்டு ஞாயிறு காலை என்னிடம் கொடுப்பார். நான் திங்கட்கிழமை இன்னொருவரான ஐயம்பேட்டை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் செவ்வாய்க்கிழமை தையலம்மாவிடம் சேர்ப்பார். புதன்கிழமை மத்தியானம் நாலு பேரும் தையலம்மா வீட்டில் கூடி, அந்த வாரத்துக் கதையை அலசுவோம். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுவர வேண்டும்.

ஐயம்பேட்டை அக்காவுக்கு அந்தப் பெயர் பிறந்த ஊரால் வந்தது. தறிக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். முப்பத்தைந்து வயது, கறுத்த ஒல்லியான உடம்பு. கதையைப் பற்றிப் பேச மாட்டார், கதையாகவே ஆகிவிடுவார். அப்போது வந்துகொண்டிருந்த தொடரில் மலை ஊரில் ஒரு டாக்டர், அவன் அம்மா, அந்த அம்மாவுக்குப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்த மருமகள். அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தாடையை உயர்த்தினால் போதும், மாமியார் வந்துவிடுவாள்.

"ஏம்மா மருமவளே, காப்பில சக்கர போட்டியா, இல்ல உங்கப்பன் வூட்டுப் பெருமைய போட்டியா? கசக்குதே!"

நர்ஸம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தையலம்மா மிஷினை நிறுத்திவிடுவார்.

"அக்கா, கதைல அப்படி ஒரு வரியே இல்லையே" என்பேன் நான்.

"இல்லியா? எழுதறவரு மறந்துட்டிருப்பாரு. ஆம்பளதானேமா? மாமியார்கிட்ட பேச்சு வாங்கினவளுக்குத்தான தெரியும்."

மறுபடியும் சிரிப்பு. இந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொள்வேன். உள்ளுக்குள் எரியும். ஒவ்வொரு வரியையும் கவனமாகப் படித்து, எந்த வாரத்தில் எது வந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு போவது நான். நான் வாயைத் திறந்தால் "ஆமா, சரிதான்" என்பார்கள். அக்கா வாயைத் திறந்தால் அந்த வீடே குலுங்கும். பொறாமை என்ற சொல்லை அன்று நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை பத்திரிகையைக் கொடுக்கப் போகும்போது அக்கா வாசலிலேயே என்னை நிறுத்திக்கொள்வார். "இந்த வாரம் இன்னாமா ஆச்சி? சொல்லு, சொல்லு. பொறுக்க முடியல" என்பார். நானும் உற்சாகமாகக் கதை முழுவதையும் சொல்லுவேன். "அப்ப அவன் மூஞ்சி எப்பிடி இருந்திச்சி?", "அவ அழுதாளா, அழுகைய அடக்கிக்கினாளா?" என்று துருவித் துருவிக் கேட்பார். ஆசை அதிகம், அதனால் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் பத்திரிகைத் தாள்களைப் பிணைத்திருந்த கம்பி கழன்று, கதையின் நடுத்தாள் எங்கள் வீட்டுத் தலையணைக்கடியில் தங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை இரவுதான் பார்த்தேன். மறுநாள் முதல் ஆளாகப் போய்த் தையலம்மாவிடம் கொடுத்தேன். "அதான் நடுவுல காணோமேன்னு பார்த்தேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அக்கா வந்தார். மருமகள் மாமியாரின் அலமாரியைத் திறந்து பார்க்கும் காட்சியை ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினார். அந்தக் காட்சி இருந்ததே அந்த நடுத்தாளில்தான். அக்காவின் கைக்கு அது போகவே இல்லை.

நான் தையலம்மாவைப் பார்த்தேன். அவர் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் நடித்ததெல்லாம் நான் வாசலில் நின்று சொன்னது. கைதட்டல் மட்டும் அவருக்கு.

அன்று இரக்கம் வந்திருக்கலாம். அல்லது பெருமையாவது பட்டிருக்கலாம். எனக்கு வந்தது கோபம், ஏதோ என் பொருளை அவர் எடுத்துக்கொண்டுவிட்ட மாதிரி.

ஒரு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஒரு வாரம் கதையில் மருமகளுக்குக் காய்ச்சல் வந்தது. மாமியார் முதல் முறையாக மனம் இளகி அவள் நெற்றியில் பற்றுப் போட்டாள். ஆனால் கதைக்குப் போட்டிருந்த படத்தில், கட்டிலில் போர்வை மூடிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணும் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் டாக்டரும்தான் இருந்தார்கள். படுத்திருப்பவளின் முகம் தெரியவில்லை. அக்கா பத்திரிகையை ஒரு நாள் வைத்திருந்து படங்களைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பொய்யை ஞாயிற்றுக்கிழமையே தயார் செய்தேன்.

திங்கட்கிழமை வாசலில் நின்று சொன்னேன். "மாமியார் போயிட்டாங்க அக்கா. மாரடைப்பு."

அக்காவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "ஐயய்யோ! எப்பமா? நல்லாத்தான இருந்தா?"

நான் நிறுத்தவில்லை. மாமியார் கடைசியாகத் தண்ணீர் கேட்டாள், மருமகள் கையால்தான் கேட்டாள் என்றெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் "சும்மா சொன்னேன் அக்கா" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என் தலையில் ஒரு குட்டு வைத்துச் சிரித்திருப்பார். நான் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை அக்கா தாமதமாக வந்தார். வழக்கமான கலகலப்பு இல்லை. உட்கார்ந்ததும், "கடசில இப்பிடி ஆயிடுச்சேமா" என்று ஆரம்பித்தார். மாமியார் மூச்சுத் திணறுவதையும், கையை நீட்டி மருமகளைக் கூப்பிடுவதையும், "உன் கையால ஒரு வாய் தண்ணி குடுமா" என்று கேட்பதையும் செய்து காட்டினார். இதுவரை அவர் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. என் பொய்யை அவர் அவ்வளவு உண்மையாக்கிவிட்டார்.

நர்ஸம்மாவும் தையலம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே நர்ஸம்மா, "ஆமாங்க, பாவம். என்ன பண்றது" என்றார். தையலம்மா அவசரமாக மிஷினை மிதிக்கத் தொடங்கினார். அவர்கள் எதை மூடப் பார்த்தார்கள் என்று இன்று புரிகிறது. அன்று என் வேடிக்கை பாழாகப் போகிறதே என்றுதான் பதறினேன். வாய்விட்டுச் சிரித்தேன். மிஷின் பக்கத்திலிருந்த தாளை எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன்.

"இதுல மாமியார் எங்க செத்தாங்க, அக்கா? அந்த இடத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

மிஷின் நின்றது.

அக்கா தாளைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரல் கட்டிலில் கிடந்தவளின் போர்வைமேல் போய் நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"கண்ணாடி கொண்டாரலமா" என்றார்.

அவரிடம் கண்ணாடி கிடையாது. தாளை மடங்காமல் மிஷின்மேல் வைத்தார். "வூட்ல தறிக்குத் தார் நூல் சுத்தாம கெடக்குது. அவரு தறிய நிறுத்திக்கினு கத்துவாரு" என்று சொல்லி எழுந்து போனார்.

தையலம்மா என்னைக் கேட்டார்: "உனக்கு எவ்ளோ நாளா தெரியும்?"

"ஒரு மாசமா."

"எங்களுக்கு மூணு வருசமா தெரியும்" என்றார். மறுபடியும் மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

நர்ஸம்மாதான், "நீ வர்றதுக்கு முந்தி நான்தான் புத்தகம் கொண்டுபோய் குடுத்துட்டுக் கதை சொல்லிட்டு வருவேன். உன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும். எங்க மேலயும் தப்புதான்" என்றார். அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன்.

அன்று மாலை என் கணவரிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். பொய் சொன்னதை விட்டுவிட்டு, அக்கா மாட்டிக்கொண்டதை மட்டும் சொன்னேன். "படிக்கத் தெரியாமலேயா இத்தனை நாள்?" என்று அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். 

அடுத்த திங்கட்கிழமை பத்திரிகையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. "வாமா, உள்ள வா" என்று வழக்கம்போலவே கூப்பிட்டார். மோர் கொடுத்தார். வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனது "என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்ற ஒரு வாக்கியம்தான். வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் எழுத்துச் சொல்லித் தரேன் அக்கா. ரெண்டே மாசத்துல நீங்களே படிச்சிடலாம்."

ராட்டை ஒரு சுற்று நின்று, மறுபடி ஓடியது. "அதுக்கெல்லாம் நேரம் ஏதுமா" என்றார். உள்ளே கணவர் காதில் விழுந்துவிடுமோ என்று பார்ப்பதுபோல ஒருமுறை திரும்பினார். அப்போதுதான் நான் எவ்வளவு சத்தமாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் மன்னிப்பதற்கு இடம் கொடுக்காமல், மறுபடியும் எனக்குத் தெரிந்ததையும் அவருக்குத் தெரியாததையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

பத்திரிகையை அவர் தொடவில்லை. "நேரா தையலம்மாவாண்ட குடுத்துடுமா" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த மாமியாரு உசுரோடதான இருக்கறா?"

"இருக்காங்க அக்கா. மருமகளுக்குத்தான் காய்ச்சல். அதுவும் சரியாயிடுச்சு."

"அப்பிடியா. அன்னிக்கி ரெண்டு நாளு எனக்குச் சோறே எறங்கல. அவ செத்துட்டான்னு" என்றார். நான் முந்தின திங்கட்கிழமை சொன்னதிலிருந்து புதன்கிழமை வரை அந்த இரண்டு நாள்.

அக்கா பிறகு புதன்கிழமைகளில் வரவில்லை. குழாயடியில் பார்த்தால் பேசுவார். மார்கழியில் கோலப்பொடி கேட்டு வருவார், நானும் கறிவேப்பிலை கேட்டுப் போவேன். கதை என்ற பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். நாங்கள் மூன்று பேரும் சில மாதங்கள் கூடினோம். யார் என்ன சொன்னாலும் "ஆமா, சரிதான்" என்பதோடு முடிந்துவிடும். நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்ததும் அதுவும் நின்றது. நாங்களும் பெரிய காஞ்சிபுரத்துக்கு வீடு மாறிப்போனோம்.

அதற்கு மூன்று நான்கு வருஷம் கழித்து, என் பெண்ணுக்குக் காது வலி என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெண்கள் வரிசை நடைவரை நீண்டிருந்தது. முன்னால் ஒரு பத்துப் பேர் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. தான் பார்த்த ஏதோ சினிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தானை இடுப்பில், தாடை மேலே. சீட்டு எழுதுகிற பெண்கூட எழுதுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவர் நிறுத்திவிடவில்லை, எங்கேயோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு அடி முன்னால் போனேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது.

"வாமா, வாமா! கொழந்தைக்கு இன்னா ஒடம்புக்கு?" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். என் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் சௌக்கியமா, வீடு வசதியா என்றெல்லாம் கேட்டார். பக்கத்திலிருந்த பெண், "அக்கா, அந்தக் கதைய முடிங்க" என்றாள்.

"அவ்ளோதான், கதை முடிஞ்சிடுச்சி" என்றார் அக்கா.

முடியவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் குழந்தைக்குத் தண்ணீர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். வரிசையில் என் இடம் போனாலும் போகட்டும் என்று வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றிருந்தேன்.