இளநீர் தந்த அதிர்ச்சி

ராயபுரத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் கணவருக்கு ஒருமுறை நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகிச் சரியானது. அது மறுபடி வராமல் தடுக்க, ஒரு ஹார்மோனை அடக்கும் மாத்திரையை ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். விவரம் கேட்டு, சம்மதித்து அந்த ஆய்வில் இவரும் சேர்ந்தார்.

கோடையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எகிறியிருந்தது. இதயமே நின்றுவிடலாம் என்று உடனே படுக்கவைத்தார்கள். நான் கட்டிலருகிலேயே நின்றேன்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டார் டாக்டர்.

"இல்ல சார். வெயிலுக்கு எளநிதான், டெய்லி நாலஞ்சு குடிச்சிகினு கீறேன்."

"அதுலயும் பொட்டாசியம் இருக்கு. இந்த மாத்திரை பொட்டாசியத்த வெளியேறவிடாம உடம்புலயே தங்கவைக்கும். ரெண்டும் சேர்ந்தா ஆபத்து."

"எளநியக்கூட சொல்லணும்னு எனக்கு இன்னா சார் தெரியும்?"

சிகிச்சையில் தேறி, தெம்பாக வீடு திரும்பினார். இப்போதெல்லாம் டாக்டர் கேட்குமுன்பே, அவர் தின்றது குடித்தது அத்தனையும் நானே ஒப்பித்துவிடுகிறேன்.